சைதூன் பென்சில் பிடித்த கதை

அய்யலூர் சந்தைக்குள் சைதூன் கால் வைத்தால் கிடாய்களெல்லாம் வரிசையில் நின்று சலாம் வைக்கும். தன் பிரியாணிக் கடைக்கு ஆடு பிடிக்க அந்தம்மா வியாழன்தோறும் ஸ்கூட்டரில் கிளம்பினால், திண்டுக்கல் மலையே ஒரு அடி ஒதுங்கி வழிவிடும். அப்படிப்பட்டவள் போன வாரம் திரும்பும்போது புதுப் பாலத்தடியில் வழி மாறி, எங்கேயோ இருக்கிற குஜிலியம்பாறையில் போய் நின்றுவிட்டாள். மகன் ஃபயாஸ் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"அம்மா, ஒனக்கு ஞாபகம் தப்புது. இனிமே சந்தைக்கு நாந்தான் போவேன்."

"நீயா? ஆட்டுக்கு வாலு எந்தப் பக்கம்னு தெரியுமாலே?"

வழக்கு மனநல ஆலோசகர் கௌசல்யாவிடம் போனது. சாவி மேசைமேல் ஃபயாஸின் முன்னால் இருந்தது. சோதனையில் அம்மா தேறினால் அம்மாவுக்கு, தவறினால் மகனுக்கு.

கௌசல்யா ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினாள். நூறு வருஷத்துக்கு முந்தைய சோதனையாம். உலகத்துச் சந்துபொந்தையெல்லாம் வாரிச் சுருட்டி அமுக்கினதுபோல ஒரு புதிர்ப்பாதை.

"நடுவுல இருந்து வெளிய வரணும்மா. முட்டுச்சந்துல நுழையக் கூடாது. பென்சிலைத் தூக்கக் கூடாது. அவசரமே இல்ல."

சைதூன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் வத்தலக்குண்டு பஸ் போய்த் திரும்பியிருக்கும்.

"பாத்தீங்களா மேடம், அப்புடியே ஒறைஞ்சு போச்சு," என்றான் ஃபயாஸ்.

"செத்த நேரம் வாயை மூடுறியா? சந்தையில மொதச் சுத்துல எவனாச்சும் வெல கேப்பானா? எல்லா ஆட்டையும் சும்மா பாத்துட்டு வந்து, ரெண்டாஞ் சுத்துலதான் வாயத் தொறக்கணும். மொதச் சுத்துலயே கேட்டவனுக்குக் கெழட்டுக் கெடாதான்."

சொல்லிவிட்டுப் பென்சில் முனையைத் தாளில் வைத்தாள். அம்புட்டுத்தான். வளைந்தது, நெளிந்தது, எந்த முட்டிலும் மூக்கை நுழைக்காமல் கோடு வெளியே பாய்ந்தது. தாள் முடிந்தும் நிற்கவில்லை. கௌசல்யாவின் வெள்ளை மேசையைக் குறுக்கே கடந்து, சாவியில் போய் முட்டித்தான் நின்றது.

"தூக்கக் கூடாதுன்னீங்கள்ல?"

கௌசல்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரு தப்புகூட இல்லம்மா!"

"இது என்ன பெரிய வித்தை?" என்று ஃபயாஸ் இன்னொரு தாளைப் பிடுங்கி விறுவிறுவென்று இழுத்தான். முதல் முட்டுச்சந்திலேயே மாட்டினான்.

சைதூன் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். வாசலில் அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிய உறுமலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோக்கள் ஒதுங்கின.

"ஏலே, மொறைச்சது போதும், பின்னாடி ஏறு. நாளைக்குச் சந்தை. கயிறு பிடிக்க எனக்கு ஒரு ஆளு வேணும்."