காலடிச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டிய அம்மா

திரைப்பட வகுப்பில் அவளை ஒரு திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். கூடவே ஆசிரியர் ஒரு தாளும் கொடுத்தார். வெளிச்சம் குறைவாக இருக்கட்டும், வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கட்டும், வருகிறவனின் காலை மட்டும் காட்டு, முகத்தைக் காட்டாதே, பார்க்கிறவர்களுக்குப் பயம் வர வேண்டும். சமையல் குறிப்புப் போலத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதை வரி தவறாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

நடிகர்களுக்கு எங்கே போவது? தனியாக இருக்கும் பெண் அம்மா, மர்ம மனிதன் அப்பா. பேருந்து ஓட்டும் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அதனால் காலை பதினொரு மணிக்கு ஜன்னல்களில் போர்வையைக் கட்டி, மேஜை விளக்குக்குக் காக்கித் தாளைச் சுற்றி, அடிக்கிற வெயிலில் ஓர் இரவைத் தயார் செய்தார்கள். அம்மா நடிக்கச் சம்மதித்ததே அதிசயம். அண்ணன் போன பிறகு அவள் எதிலும் ஒட்டாமல்தான் இருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பட்டறைக்குப் போட்டுப் போகும் ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு, செருப்போடு இறங்கிப் போனான் அண்ணன். கடைக்குத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் திரும்பவில்லை. போலீசில் சொல்லி, தெருத்தெருவாகப் படம் ஒட்டி, தேடாத இடமில்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாத பிள்ளைக்காக எவ்வளவு நாள்தான் அழுவது? அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு தடவையும் காட்சி சொதப்பியது. அப்பாவின் ரப்பர் செருப்பு சத்தமே போடவில்லை. போதாக்குறைக்கு அம்மா சிரித்துவிட்டாள்.

"இவரைப் பாத்து நான் பயப்படணுமா? கல்யாணமான புதுசுலயே பயந்ததில்லையே!"

எத்தனை நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு! மகளுக்குத் தலைகால் புரியவில்லை. காமிராவைக் கதவோரமாக அம்மாவுக்கு எதிரே ஓடவிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, செருப்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து அண்ணனின் ஷூவை எடுத்தாள்.

அப்பா முகம் மாறியது. "அது வேணாம்மா."

"காலை மட்டும்தாம்பா எடுக்கப்போறேன். அம்மா உள்ள இருக்காங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சத்தத்துக்காகவே ஷூவை மாற்றியவளுக்கு, அம்மாவுக்கும் காது இருக்கிறது என்பது உறைக்கவில்லை. அதுதான் அவள் செய்த பிழை.

அப்பாவின் காலுக்கு ஷூ பெரிது. கயிறும் கட்டாமல் மாட்டிக்கொண்டதால் இடது குதிகால் தரையில் இழுபட்டது. அண்ணனும் கயிறு கட்டமாட்டான். அவன் நடந்தாலும் இப்படித்தான் இழுபடும். டக், சரக். டக், சரக். அவள் குனிந்து கைபேசியில் அந்தக் கால்களை எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

மெல்லத் திறக்க வேண்டிய கதவு படாரென்று திறந்தது.

"வந்துட்டியாடா!"

அம்மாவின் அந்த முகத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள், குனிந்து ஷூவைப் பார்த்தாள். கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரியா வந்துச்சா?" என்று மகளிடம் கேட்டுவிட்டு அம்மா சமையலறைக்குப் போனாள்.

வேறு காட்சி கையில் இல்லாததால் அதையே, பேச்சை மட்டும் வெட்டிவிட்டு, புதன்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டினாள். ஆசிரியருக்கு வீட்டுக் கதை எதுவும் தெரியாது.

"அந்தக் காலடிச் சத்தம் பிரமாதம். ஆனா கதவைத் தெறக்கும்போது அவங்க முகத்துல பயமே இல்லையே. சந்தோஷம்ல தெரியுது? இது திரில்லர். யாரோ வர்ற சத்தம் கேட்டா பயப்படணும். அந்த ஒரு ஷாட்டை மட்டும் திரும்ப எடுத்துடு."

சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் மறைத்துவிடத்தான் நினைத்தாள். அம்மா விடவில்லை, துருவித் துருவிக் கேட்டு வாங்கிவிட்டாள்.

"நான் கெடுத்துட்டேனா?"

"இல்லம்மா! ஐயோ, அப்படியெல்லாம் இல்ல."

"ஞாயித்துக்கிழமை மறுபடி எடு. சரியா செஞ்சுடறேன்."

"அப்பா செருப்போடவே நடக்கட்டும்மா. சத்தத்தை நான் அப்புறமா சேத்துக்கறேன்."

"வேணாம். அந்த ஷூவையே போடச் சொல்லு," என்றாள் அம்மா.

மறுபடி போர்வை, காக்கித் தாள். இந்த முறை அவள் அறைக்குள், காமிராவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே ஷூ நடந்து வந்தது. டக், சரக். அம்மா நிமிர்ந்தாள், முகம் வெளிறியது. ஒவ்வோர் அடியாக வைத்துக் கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். தாளில் எழுதியிருந்த பயம் இதுதான். ஒரு குறையும் சொல்ல முடியாது.

அம்மா கதவைத் திறக்கவில்லை. அரை நிமிடம் போயிற்று.

"தெறக்கணும்மா," என்றாள் மகள் மெதுவாக.

அம்மா திரும்பவில்லை. "இதோட நிறுத்திக்கயேன். தெறக்காத வரைக்கும் வெளியில அவன்தான் நிக்கறான்."

காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியிலிருந்து அப்பா, "முடிஞ்சுதா? நான் உள்ள வரலாமா?" என்று கேட்டார்.