பதினோரு விநாடி

பதுளை ஃபோன் கடைக்குள் நுழையும்போதே ஞானசீலன் ஃபோனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்த கடைக்காரன் ஷப்ராஸ் முகத்தைச் சுளித்தான். பேட்டரி ஊதி, திரை பிதுங்கிக் கிடந்தது.

“இது இன்னும் ரெண்டு வாரம் தாங்கினா பெரிய விஷயம் அண்ணே. உள்ள எதைக் காப்பாத்தணும்?”

“என் மகளோட குரல். பதினோரு செக்கன்.”

நிலுக்ஷி போன வருஷ மண்சரிவில் போனவள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின்மேல் மலை வந்து உட்கார்ந்துகொண்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று பின்னேரம் அவள் அனுப்பிய குரல் செய்தி வந்தபோது, ஞானசீலன் பதுளை பஸ் நெரிசலில் நின்றார். பிறகு கேட்கலாம் என்று ஃபோனைப் பைக்குள் போட்டார். மறுநாள் காலையில்தான் கேட்டார். தன்னை அவர் மன்னிக்கவே இல்லை.

ஷப்ராஸ் பாடம் நடத்த ஆரம்பித்தான். “பென் டிரைவ் அவசரத்துக்குத்தான். ஹார்ட் டிஸ்க் கைதவறி விழுந்தா முடிஞ்சுது. இணையத்துல போட்டா பாஸ்வேர்டை மறந்துருவீங்க. இந்த டிஸ்க் ஒரே தரம் எழுதுறது. எழுதிட்டா நூறு வருஷத்துக்கும் மாறாது.”

யோசித்துச் சொல்வதாகக் கூறி, ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் ஒரு பிரதி எடுத்துப் போனவர், மூன்றாம் நாள் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார்.

“தம்பி, இது கூடிக்கிட்டே போகுது.”

ஷப்ராஸ் சிரித்துக்கொண்டுதான் ஓடவிட்டான்.

“அப்பா, மழை விடல. லயத்துக்குப் பின்னால மண்ணு விழுது. சீக்கிரம் வந்துருங்க.”

அதோடு முடியவேண்டும். முடியவில்லை. மழைச் சத்தம், ஒரு பெருமூச்சு, பிறகு நிலுக்ஷியின் சின்னச் சிரிப்பு. பதினெட்டு விநாடி. ஃபோனில் இன்னும் பதினொன்றே இருந்தது. ஷப்ராஸ் மறுபடி ஓடவிடப் போனதும் ஞானசீலன் தடுத்தார்.

“இந்தச் சிரிப்போட டிஸ்க்குல எழுதிடு. மத்ததையெல்லாம் அழிச்சிடு.”

“அண்ணே, அடுத்து என்ன சொல்றாங்கன்னு தெரிய வேணாமா?”

“வேணாம்.”

அவருக்குத் தெரியும். ஏன் அன்றைக்கே செய்தியைக் கேட்கவில்லை என்றுதான் கேட்கப்போகிறாள். அதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. சிரிக்கிற மகள் போதும். ஷப்ராஸ் டிஸ்க்கில் எழுதினான். ஹார்ட் டிஸ்க்கிலும் ஃபோனிலும் இருந்ததை அழித்தான்.

கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றியது. கல்லறை இல்லாத மகளுக்கு ஞானசீலன், இப்போது தங்கியிருக்கும் தங்கச்சி றீட்டாவின் வீட்டு மேசையில் ஒன்றை ஏற்றினார். றீட்டாவின் பழைய லேப்டொப்பில் டிஸ்க்கைப் போட்டார். குரல், மழை, பெருமூச்சு, சிரிப்பு. பதினெட்டு.

பத்தொன்பது.

நிறுத்தப்போன விரல் அந்தரத்தில் நின்றது.

“இப்பயாச்சும் கேக்குறீங்களாப்பா?” என்றாள் நிலுக்ஷி.

ஞானசீலன் விரலை எடுத்துவிட்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“கேக்குறேம்மா. சொல்லு.”