பீரோவுக்குப் பின்னால் இருந்த வெள்ளை

உங்கள் அறைச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்களா? நானும் வெள்ளை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கதவுக்குப் பக்கத்தில் பேனாவால் பதினோரு கோடுகள் போட்டிருந்தேன். மகள் பிறக்கும் முன்பே வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்துவிட்டவன் நான். அவள் எழுந்து நிற்கத் தொடங்கியதிலிருந்து மனைவி மாதாமாதம் அளந்து போனில் சொல்வாள். நான் சுவரில் கோடு இழுப்பேன். சுண்டெலி என்றுதான் மகளைக் கூப்பிடுவோம்; இப்போது என் தொடையைத் தாண்டிவிட்டாள்.

அவர்களைக் கூட்டிவர, அறை குடும்பத்துக்கு ஏற்றதுதான் என்று வீட்டுக்கார அம்மா கடிதம் தர வேண்டும். நாளைக் காலை பார்க்க வருகிறார். ஆணி அடித்ததற்கே முன்பிருந்தவரைக் காலி செய்யச் சொன்னவர். குடியேற்ற அலுவலகத்தில் கடிதம் கொடுக்கக் கடைசி நாளும் நாளைதான்.

பீரோவைக் கை நுழையும் அளவுக்கு நகர்த்தி, கோடுகளை மறைக்க அதே நிறம் வேண்டுமென்று பின்னால் சுவரை நகம் அளவுக்குச் சுரண்டினேன். அந்தச் சில்லோடு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான்கு அட்டைகளைப் பரப்பினார். முத்து, தந்தம், பாலாடை, முட்டை ஓடு.

“எல்லாம் ஒண்ணுதானே?”

“ஒண்ணா? நாலும் ஒரே வீட்டு மருமகளுங்க மாதிரி சார். பக்கத்துல வச்சாத்தான் சண்டை தெரியும்.”

வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். முட்டை ஓடு அச்சு அசலாகப் பொருந்தியது.

மதியம் அடித்தேன். கோடுகள் மறைந்தன. காய்ந்ததும் சுவரில் பளிச்சென்று ஒரு கட்டம் நின்றது. இத்தனை வருடச் சமையல் புகையும் வெயிலும் படாத இடத்தில் போய்ச் சுரண்டியிருக்கிறேன். ஓடிப்போய்ப் பாலாடை வாங்கி வந்தேன். அது பழுப்புத் திட்டாக நின்றது. மறுபடி ஓடினேன். தந்தம் இரண்டோடும் சேராமல் மூன்றாவதாக நின்றது.

மனைவி போனில் வந்தாள்.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“இதுல எது செவுத்தோட சேருதுன்னு பாத்துச் சொல்லும்மா.” போனைத் திருப்பிக் காட்டினேன்.

“எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு. இதுக்கா அழுவுறீங்க? ஆமா, சுண்டெலி கோடெல்லாம் எங்க?”

“அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்தேன்.

பீரோவை இழுத்துவந்து திட்டுகளை மறைத்தேன். திரும்பினால், அது இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு முட்டை ஓடு. திரும்ப இழுத்தேன். மறுபடி தள்ளினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வீட்டுக்கார அம்மா வந்தார். அறை முழுக்க ஒரே நிறம் அடித்துவிட்டு அடுத்த மாதம் கூப்பிடச் சொன்னார். கடிதம் தரவில்லை.