நாலு விரற்கடை

வண்டியில் ஏறி நேராக உட்கார்ந்தால், அவளுடைய கால் நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை காலியாக இருந்தது. அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவள். தோளில் மடக்கு ஸ்டூலை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பதுதான் தொழில். இஞ்ச் டேப் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். ஆனாலும் இந்த ஒரு அளவை மட்டும் டேப் வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. கடையின் தையல்காரர் வண்டி இருக்கையின் ஸ்பாஞ்சை முடிந்தவரை செதுக்கிக் கொடுத்த அன்று, கணவனைக் கீழே குந்தி விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

“நாலு விரல்,” என்றான் அவன் தரையிலிருந்து. “அதுவும் என் விரலுக்கு. உன் விரலுக்கு அஞ்சு வந்தாலும் வரும்.”

சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு அரைப்படி என்று பெயர். வைத்தது அண்ணன். வைத்ததோடு நிற்காமல், அவளுக்கு எட்டாததையெல்லாம் எட்டவைக்கும் பொறுப்பையும் அவனே எடுத்துக்கொண்டான். அலமாரியின் மேல்தட்டோ, கூட்டத்துக்கு அப்பால் நடக்கும் வேடிக்கையோ, எதுவானாலும் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். “ஊரையே தூக்கி மாடியில விடுறேன், இவளைத் தூக்குறது ஒரு வேலையா?” என்பான். அந்த இரண்டு கைகள் நெருங்கும்போதே அவளுக்கு உடம்பு கூசும். வேடிக்கை தெரியும்தான். ஆனால் கால் அந்தரத்தில் ஆடும்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் வாங்கியது மலைப்பாதைக்கென்று செய்த உயரமான மோட்டார் சைக்கிள். ஓட்டத்தில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. நகர ஆரம்பித்துவிட்டால் அவளும் வண்டியும் ஒரே உடம்பு. நிற்கும்போதுதான் சங்கடம்.

அதற்கும் வழி இருந்தது. கணவன் நெட்டை. சலூன் வைத்திருக்கிறான். நாற்காலியை எவ்வளவு உயர்த்தினாலும் குனிந்துதான் முடி வெட்டுவான். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது. பின்னால் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தாராளமாகத் தரையில் ஊன்றுவான். சிக்னல் விழுந்தால் அவள் “இறக்குங்க” என்பாள். கிளம்பும்போது “ஏத்துங்க” என்பாள். மாதம் ஒரு செருப்பு தேய்ந்தது. தெருவில் நாலு கால் வண்டி என்று கேலி செய்தார்கள். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொடர் விடுமுறை வருவது தெரிந்ததும் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடினார்கள். அண்ணனும் அண்ணியும் ஒரு வண்டி, அவளும் கணவனும் ஒரு வண்டி. எல்லைக்கு ஒரு பகல் ஓட்டம். அங்கே ஒரு ஆறு, ஆற்றின்மேல் பாலம், பாலத்துக்கு அப்பால் வேறு நாடு. அந்தப் பக்கத்தில் ஒரு மலைச்சாலை, வளைந்து வளைந்து ஏறி இறங்கிக் கடலில் போய் முடிகிறது. அந்தச் சாலையின் படத்தை அவள் போனில் பார்க்காத நாள் கிடையாது. தன் கையால் அந்த வளைவுகளைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

“முதல் நாள் மதியம் இங்க சாப்பிடுறோம், பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்து தங்குறோம்,” என்று அண்ணன் வரைபடத்தில் விரலை ஓட்டினான். “நீ என்ன அந்த போனையே முழுங்குற மாதிரி பார்க்கிற?”

“பெட்ரோல் பங்க்.”

“அதுல என்ன இருக்கு பார்க்க?”

“இடது பக்கம் பிளாட்பாரம் இருக்கான்னு பார்க்கிறேன் அண்ணா. ஓரமா அணைச்சு நிறுத்தினா கால் வைக்கலாம்ல?”

அண்ணி மழலையர் பள்ளி ஆசிரியை. பெரியவர்களிடமும் பிள்ளைகளிடம் பேசுவது போலவே பேசுவாள். “எல்லாரும் ஊர் பார்க்க வெளிநாடு போவாங்க. என் நாத்தனார் பிளாட்பாரம் பார்க்கப் போறா. சமத்து! பேசாம ஹை ஹீல்ஸ் போட்டுக்கோயேன்.”

“அதைப் போட்டா கியர் மாத்த முடியாது அண்ணி.”

“அப்ப வண்டியைக் குட்டையாக்கு. இல்ல, உன் வீட்டுக்காரரோட காலை வாங்கி நீ மாட்டிக்கோ.”

அந்த நேரம் பார்த்துக் கணவன் சலூனை மூடிவிட்டு உள்ளே வந்தான். சட்டைக் கையில் யார் யாருடைய முடியோ ஒட்டிக்கொண்டிருந்தது. உட்காராமல் நின்றான்.

“மச்சான், இன்னைக்கு ஒரு லாரி டிரைவர் ஷேவிங்குக்கு வந்தாரு. அந்தப் பாலத்துல வாராவாரம் போறவராம். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க பாலத்துக்கு முன்னாடியே இறங்கிடணுமாம். ஓட்டுறவங்க மட்டும் வண்டியோட ஒரு வழி. மத்தவங்க நடந்து, தனிக் கட்டடம் வழியா வரணுமாம்.”

எல்லோருடைய பார்வையும் மெல்ல அவனுடைய கால்களுக்குப் போனது. அவன் ஏதோ தப்பு செய்தவன் போல ஒரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“வரிசை எவ்வளவு நேரமாம் மாப்பிள்ளை?” என்றான் அண்ணன்.

“லீவு நாள்ல ரொம்ப நேரம் ஆகுமாம். ரெண்டடி நகருமாம், நிக்குமாம்.”

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். “சரி. வேன் எடுத்துடலாம்.”

“வேனா?”

“விழுந்தா யாரு தூக்குவா, சொல்லு. நடந்து வர்றவங்களை வண்டி வழியில விட மாட்டாங்க. நான் முன்னாடி நின்னாலும் என் வண்டியைப் போட்டுட்டு ஓடி வர முடியாது. உன்னால அதைத் தனியாத் தூக்க முடியுமா?”

முடியாது. அது அவளுக்கும் தெரியும். “விழ மாட்டேன்,” என்றாள்.

“போன மாசம் உன் வீட்டு வாசல்லயே விழுந்தியே?”

“அது பூனை குறுக்க வந்துச்சு.”

“பாலத்துல லாரி வரும் அரைப்படி. ஏ.சி. வேன், எனக்குத் தெரிஞ்ச ஆளு. உனக்கு ஜன்னலோரம். போதுமா?”

ஜன்னலோரம்! நாள் முழுக்க ஊரார் ஜன்னலை அளக்கிறவளுக்கு ஜன்னலோரம் தருகிறானாம். மறுபடியும் அந்த இரண்டு கைகள் அக்குளுக்கு வருவது போல அவளுக்குச் சுருக்கென்றது.

“ஒரு வாரம் கொடு அண்ணா. நீ சொல்ற இடத்துல, நீ சொல்ற மாதிரி நின்னு காட்டுறேன். ஒரே ஒரு தடவை வண்டி சாஞ்சாலும் வேன்ல ஏறிடுறேன். வாயைத் திறக்க மாட்டேன்.”

“வாயைத் திறக்க மாட்டாளாம்,” என்றாள் அண்ணி. “அதுக்காகவே விழணும் நீ.”

வேன்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டான் அண்ணன்.

மறுநாள் காலை சலூன் திறப்பதற்கு முன் பயிற்சி தொடங்கியது. பிளாட்பாரத்தை ஒட்டி மெதுவாக வந்து, இடுப்பை இடது பக்கம் நழுவவிட்டு, இடது காலை நீட்டி, வலது கால் பிரேக்கில் இருக்கும்போதே ஊன்ற வேண்டும். கணவன் பக்கத்திலேயே நடந்தான். பழக்கதோஷத்தில் எங்கே பிடித்துவிடுவோமோ என்று கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டான். முதல் நாளே வண்டி அவளையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தது. இண்டிகேட்டர் உடைந்தது.

“நான் பிடிக்கல,” என்றான் அவன் பெருமையாக. “சத்தியமாப் பிடிக்கல.”

“தெரியுது,” என்றாள் அவள் கீழே கிடந்தபடி.

நாள் போகப் போக விழுவது குறைந்தது. பயம் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்து, தரை எங்கே தரை எங்கே என்று தேடினாள். “ஏன் கீழயே பார்த்துட்டு இருக்க? ஏதாவது தொலைச்சிட்டியா?” என்றான் அவன். “சும்மா இருங்க,” என்றாள்.

வாரக் கடைசியில், சூப்பர்மார்க்கெட் திறக்காத நேரத்தில், அதன் வண்டி நிறுத்தும் இடத்தில் பரீட்சை. அண்ணி பள்ளிக்கூட விசிலைக் கொண்டுவந்திருந்தாள். ஊதினால் நிற்க வேண்டும், ஊதினால் நகர வேண்டும். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூச்சுவிடக்கூட இடைவெளி கொடுக்காமல் ஊதினாள். அரைப்படி இடது ஓரத்தை விடாமல் அணைத்துக்கொண்டு, நின்று நின்று போய், கோடி வரை சாயாமல் சேர்ந்தாள்.

“என் கிளாஸ் பிள்ளைங்ககூட இப்படிக் கேட்காதுங்க,” என்று அண்ணி விசிலைப் பைக்குள் போட்டாள்.

அண்ணன் சக்கரத்தை ஒரு முறை உதைத்துப் பார்த்தான். “பாலத்துல இடது பக்கம் பிளாட்பாரம் இருக்கா?”

“இருக்கு. படத்துல பார்த்துட்டேன். கடைசி வரைக்கும் இருக்கு.”

“சரி, வண்டியிலயே போவோம்,” என்றான். ஆனால் வேன்காரரின் எண்ணை அவன் போனிலிருந்து எடுக்கவில்லை. அவள் கவனித்தாள்.

எல்லையை அடைந்தது இரண்டாம் நாள் காலை. பாலத்துக்கு முன்னால் ஒரு காவலர் கையைக் காட்ட, அண்ணியும் கணவனும் இறங்கினார்கள். கணவன் போகாமல் நின்றான். வேலை போன ஆள் மாதிரி தன் கால்களையே பார்த்தான்.

“போங்க. அந்தப் பக்கம் பார்க்கலாம்.”

“பார்த்து நிறுத்து,” என்றான். நெட்டையாக நடந்து போனான்.

அண்ணன் முன்னால், அவள் பின்னால். வரிசை பாலத்தில் ஏறியது. இடது ஓரத்தில் அவள் நாள்தோறும் படத்தில் பார்த்த அதே பிளாட்பாரம், சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. அதை அணைத்துக்கொள்ளப் போன நேரத்தில் ஒரு அதிகாரி விசில் ஊதிக் கம்பை நீட்டினார். இடது ஓரம் இன்று லாரிகளுக்காம். இரு சக்கர வண்டிகளெல்லாம் வலது கோடிக்குப் போக வேண்டும்.

வலது கோடியிலும் பிளாட்பாரம் இருந்தது. ஆனால் வலது பக்கம்! இத்தனை நாள் அவள் பழக்கியது இடது காலை. வலது கால் பிரேக்குக்கு மட்டுமே. அதைத் தரையில் ஊன்றி ஒருநாளும் நின்றதில்லை. இடது பக்கத்திலோ லாரிச் சக்கரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் அவன் கண்கள் அவளுடைய வலப்பக்கத்தைப் பார்த்தன, இடப்பக்கத்தைப் பார்த்தன. அவனை அறியாமலே கைகள் இரண்டும் கைப்பிடியிலிருந்து கொஞ்சம் எழும்பின. தூக்கும் கைகள்.

முன்னால் பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்து வந்தன. நிற்க வேண்டும். அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்து தரையைத் தேடினாள். தரை கிணறு மாதிரி ஆழத்தில் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஸ்டூல் நினைவுக்கு வந்தது.

ஸ்டூலில் ஏறி ஜன்னலின் மேல்கட்டையை அளந்துவிட்டு, அந்த எண் மறந்துவிடக் கூடாதே என்று அண்ணாந்து பார்த்தபடியே இறங்குவாள். டேப்பின் நுனி இடது கையில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். கால் தானே போய்த் தரையைத் தொடும். எந்தக் கால்? ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். வலது கால்! எத்தனை வீடு, எத்தனை ஜன்னல், எத்தனை முறை இறங்கியிருப்பாள்! தரையைக் குனிந்து பார்த்ததும் கிடையாது, விழுந்ததும் கிடையாது.

அவள் தலையை நிமிர்த்தினாள். பாலத்தின் அந்தக் கோடியில், அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில், பெரிய பலகை ஒன்று தொங்கியது. அதையே பார்த்தாள். ஜன்னலாக இருந்தால் இதற்கு எத்தனை துணி பிடிக்கும், எத்தனை மடிப்பு வைக்கலாம் என்று மனசுக்குள் அளந்துகொண்டே, கையால் முன் பிரேக்கை அழுத்தி, இடுப்பை வலப்புறம் நழுவவிட்டாள்.

வலது கால் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்தது. வண்டி அசையவில்லை.

வரிசை நகர்ந்தது, நகர்ந்தாள். நின்றது, நின்றாள். மறுபடியும் நகர்ந்தது. பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்து லாரிக்காரர் எதற்கோ ஹார்ன் அடித்தார், அவளுக்கு அது கேட்கவே இல்லை. அண்ணன்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கவனத்தில் முன்னால் இடம் விட்டது தெரியாமல், பதறிக் கிளட்சை விட, அவன் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. பின்னால் நின்றவர்களெல்லாம் ஹார்னில் கையை வைத்தார்கள்.

“அண்ணா!” என்று அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக் கத்தினாள். “முன்னாடி பாரு!”

முத்திரை குத்தும் அதிகாரி கூண்டுக்குள்ளிருந்து எட்டி, பிளாட்பாரத்தில் ஊன்றிய அவள் காலைப் பார்த்தார், வண்டியின் உயரத்தைப் பார்த்தார். பாஷை புரியாதே என்று உள்ளங்கையைக் கவிழ்த்து இவ்வளவுதானா என்பது போல ஒரு உயரம் காட்டினார். அவளும் கையாலேயே பதில் சொன்னாள்: போதும். அவர் சிரித்துவிட்டு ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கணவனையும் அண்ணியையும் காணவில்லை. நடந்து வருகிறவர்களின் வரிசை இன்னும் நீளமாம். அவள் வலது காலை ஓரத்தில் ஊன்றி, ராணி மாதிரி காத்திருந்தாள். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை. விழாமல் வந்தவள் அவள், வியர்த்தது அவனுக்கு. போனை எடுத்து, அவள் பார்க்கும்படி நீட்டிப் பிடித்து, வேன்காரரின் எண்ணை அழித்தான்.

“இனிமே நீ முன்னாடி போ,” என்றான். “நீ நிக்கிற இடத்துல நான் நிக்கிறேன்.”

சிறிது நேரத்தில் கட்டடத்துக்குள்ளிருந்து அண்ணி வந்தாள். அவளுக்கும் முன்னால் கணவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். வண்டி நிற்பதைப் பார்த்தான், அவள் நிற்பதைப் பார்த்தான். பின்னால் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு காலையும் தரையில் ஊன்றினான்.

“என்னங்க.”

“ம்?”

“காலை மேல வைங்க.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்தான்.”

அவன் தயங்கித் தயங்கி ஒரு காலைத் தூக்கி வைத்தான். பிறகு மற்றதையும் வைத்தான். வண்டி அவளுடைய ஒற்றைக் காலில் ஆடாமல் நின்றது.

“பாவம், செருப்புக் கடைக்காரர்!” என்றாள் அண்ணி. “இனி எப்படிப் பொழப்பாரு?”

அரைப்படி சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள். வளைவு வளைவாக மலைச்சாலை எதிரே ஏறியது. வண்டிகள் இரண்டும் கிளம்பின, அவள் முன்னால், அண்ணன் பின்னால்.