சுடு துண்டு

காலுக்கு இறங்கும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, சிகரெட்டை விடுங்கள், தினமும் வலி வரும்வரை நடங்கள், நின்று ஆறிவிட்டுத் திரும்ப நடங்கள் என்றார் டாக்டர். இஸ்திரிக்காரர் நல்லபிள்ளையாகத் தலையாட்டினார். நடக்கவும் செய்தார், நேராகத் தெருமுனைக் கடைக்கு. அங்கே நின்று ஆறினார், விரலிடுக்கில் சிகரெட்டோடு.

அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை போட்டீங்களா என்றால் "போட்டாச்சு" என்பார். அட்டை பிரிக்காமல் கிடக்கும். வாயைத் திறந்தால் பொய். சோற்றுத் தட்டை வைக்கும்போதுகூட அவர் முகத்தைப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.

பாதம் சில்லிட்டுக் கிடந்தது. சூடு வைக்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் கேட்கிற ஆளா? துண்டை மடித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, சுடச்சுடக் காலில் சுற்றிக்கொண்டார். "எவ்ளோ சூடுன்னு இந்தக் கைக்குத் தெரியாதா?" என்று பீற்றல் வேறு. முப்பது வருஷமாய்ச் சூட்டில் காய்த்துப்போன உள்ளங்கை. அதற்கு எல்லாமே வெதுவெதுப்புதான். மரத்துப்போன காலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில், இஸ்திரிக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றார்.

"இங்க பாரேன், காலு என்னவோ மாதிரி இருக்கு."

"ஆமா, உங்க நாடகத்தைப் பாக்கத்தான் உக்காந்திருக்கேன். போய் வேலையப் பாருங்க."

அவர் சாக்ஸை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் நாற்றம் எடுத்தது. அவளே சாக்ஸை உருவினாள். கொப்புளம் உடைந்து, இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. "அடப்பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அடைப்பை எடுத்து ரத்தம் ஓட வச்சா காலைக் காப்பாத்திடலாம். இந்த ரெண்டு விரலும் போயிடுச்சு. நாலு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? வீட்டுல யாருகிட்டயும் காட்டலையா?"

பழி போட ஆள் கிடைத்தால் விடுகிற மனுஷனா? போட்டுக்கொடுக்கட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"காட்டல டாக்டர். நான்தான் மறைச்சுட்டேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"பொய் சொல்றாரு டாக்டர். காட்ட வந்தாரு. நான்தான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.