அம்மாவுக்கு ஒன்பது வயது

ஐந்நூறு வருஷம் உறைமண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த மரப்பொம்மையின் மேல் நான் உட்கார்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அகழாய்வுக் குழிக்குள் இறங்கியபோது கால் வழுக்கியது. மிச்ச வேலையை என் பின்புறம் பார்த்துக்கொண்டது. பொம்மை இரண்டு துண்டு. பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

"டேய் மகனே, கண்ணை எங்கடா வச்சிருக்க?" என்று அதட்டினாள் அர்னாகுலுக். வயது ஒன்பது. என் அம்மா செத்த மாதம் பிறந்தவள். அம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தார்கள். அதனால் அவள்தான் என் அம்மா. எங்கள் ஊரில் அப்படித்தான். ஐம்பது வயதுத் தடியன் நான், அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே சில கோணங்கித்தனம் செய்வேன். புகை போட்ட சால்மன் கருவாட்டில் முதல் துண்டு அவளுக்குத்தான்.

போன மானத்தை மீட்க, அந்தக் குழியில் அந்தக் காலத்தில் இருந்த மண்வீடு எரிந்த கதையை எடுத்துவிட்டேன். எதிரிகள் கூரையிலிருந்த புகைவழியை அடைத்ததையும், தவழ்ந்து வெளியே வந்தவர்களைக் குத்திக் கொன்றதையும் நடித்தே காட்டினேன். கருகிய புல்பாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது.

"யாரு அவங்க?" என்றான் பையன்களில் ஒருவன், எவான்.

உண்மையில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றால் கதை படுத்துவிடும். "ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிறவங்கதான், வேற யாரு?"

எல்லாத் தலையும் அர்னாகுலுக் பக்கம் திரும்பியது. அவளைப் பெற்றவள் ஆற்றின் மேல்பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"ஏய் கொலைகாரி!" என்றான் எவான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நீராவிக் குளியல் குடிசை புகைந்தது. கதவுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்து, கூரை ஓட்டையில் ஈரப்பாசியைத் திணித்துவிட்டு, குச்சி ஈட்டிகளோடு பிள்ளைகள் வாசலில் காத்திருந்தார்கள். சொன்னதில் ஒன்றைக்கூட மறக்கவில்லை. என்னைப் போல வாத்தியார் யாருக்குக் கிடைப்பான்!

கட்டையை உதைத்தேன். அர்னாகுலுக் தவழ்ந்து வந்தாள். இருட்டில் அடுப்பைப் பிடித்திருக்கிறாள், உள்ளங்கை வெந்திருந்தது.

"பிள்ளைங்கன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் டீச்சர். அவள் வீட்டுக்குப் போனால், "தூங்குறா" என்றாள் பெற்றவள். அடுத்த முறையும் தூங்குறா. அதற்கடுத்த முறை கதவைத் திறந்தது அர்னாகுலுக்கே, கையில் கட்டோடு.

கருவாட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"அம்மா, கோபமா? ரெண்டு அடி வேணும்னாலும் போடு."

கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் உன் மகன்தானே?"

என்னை நேராகப் பார்த்தாள்.

"இல்லைங்க. உங்க அம்மா செத்துட்டாங்க."