எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

உயிர் வளர மூன்றே மூன்று போதும்: தண்ணீர், உப்பு, பக்கத்தில் யாரும் இல்லாமை. முனைவர் பிதக் இதை மீன்வளத் துறையின் ஆண்டுக் கூட்டத்தில், எழுந்து நின்று, தொண்டையைக்கூடச் செருமாமல் சொன்னார். மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, சொன்னவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பிதக்கிடம் ஆதாரம் இருந்தது. பாங்காக்குக்குத் தெற்கே, தாப்பி ஆறு கடலில் கலக்கும் சேற்றில் பத்தொன்பது வருஷமாக ரத்தச் சிப்பிகளை எண்ணி விதைத்து எண்ணி எடுத்தவர் அவர். சதுர மீட்டருக்கு நூற்றிருபது போட்டால் எல்லாம் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும். நாற்பது போட்டால் ஒவ்வொன்றும் எலுமிச்சை போலத் திரளும். உடைத்தால் ரத்தமாகச் சாறு வடியும். இதைப் பற்றிய அவருடைய கட்டுரையை உலகம் முழுக்க அறுபத்தொரு முறை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் பதினான்கு முறை காட்டியவர் அவரே.

சிப்பிக்குச் சரியானது மனிதனுக்கும் சரி என்று அவர் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. எழுதாமலே வாழ்ந்து காட்டினார். மனைவி பதினோரு வருஷத்துக்கு முன் பாங்காக் போனாள். போனதை அவர் கவனிக்க ஒரு வாரம் ஆனது என்று துறையில் ஒரு பேச்சு உண்டு, அது பொய், நான்கு நாள்தான். மகள் சியங்மாயில் பல் மருத்துவர். சொங்க்ரான் புத்தாண்டன்று கூப்பிட்டுப் பல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். நன்றாக இருக்கிறது என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இருக்காது. உதவியாளர் பணியிடத்தைத் துறை ரத்து செய்தபோது, அதற்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதிய ஒரே விஞ்ஞானி அவர்தான். அடுத்த செப்டம்பரில் ஓய்வு. அதுவரை ஒரு நாள்கூட விடாமல் அளவுகளை எடுத்துவிட்டால் இருபது வருஷத்துக்கு இடைவெளியே இல்லாத பதிவேடு. வாழ்க்கையில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆராய்ச்சி வீடு கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் மரக்கால்களில் நின்றது. அதேபோல் கால்களில் நின்ற காவல் குடிசைகள் அந்த விரிகுடாவில் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிப்பிப் பாத்திக்குக் காவல். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். வாத்தியார் வீடு என்று எல்லோரும் சொன்ன அவர் வீடு, எட்டாம் குடிசைக்கும் ஒன்பதாம் குடிசைக்கும் நடுவே இருந்தது. எட்டில் சோம்னுக், நாற்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. ஒன்பதில் லமாய். கணவனைப் புயல் கொண்டுபோன பிறகு அவனுடைய காவல் வேலையைத் தானே எடுத்துக்கொண்டவள். அவளுக்கு வலது காது கேட்காது. அதனால் தன் வாக்கி-டாக்கியை ஒரு பழைய ஒலிபெருக்கியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். அந்தச் சத்தம் பறவைகளின் வலசையைப் பாதிக்கிறது என்று பிதக் துறைக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

ஆறு வருஷத்துக்கு முன் சிப்பிச் சங்கம் எல்லாக் குடிசைக்கும் ஒரு சிவப்பு வாக்கி-டாக்கி கொடுத்தது. வாத்தியார் வீட்டுக்கும் ஒன்று வந்தது. திருடன் வந்தால் சொல்லக் கொடுத்த கருவி. ஆனால் திருடன் என்னவோ வருஷத்துக்கு ஒரு முறைதான் வந்தான். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒன்றாம் குடிசை ஆரம்பிக்கும்: "ஒண்ணு. கத்திரிக்காய், இறால் துவையல்." பிறகு இரண்டு. பிறகு மூன்று. இப்படிப் பன்னிரண்டு பேரும் என்ன சாப்பிட்டோம் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சோம்னுக் மட்டும் எல்லா நாளும் "எட்டு. நண்டு" என்பான். அவன் நண்டைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்கு ஆகிறது என்பது விரிகுடா முழுக்கத் தெரிந்த விஷயம். முடித்ததும் "வாத்தியார் வீடு?" என்று கூப்பிட்டு, ஒரு மூச்சு நேரம் காத்திருப்பான். பதில் வராது. அப்புறம் லமாய், "ஒன்பது. புளிக்குழம்பு."

மூன்று மாதம் பிதக் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் வாக்கி-டாக்கியை எடுத்து, பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது விநாடி, வருஷத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம், அதாவது முழுதாக ஒரு நாள் இந்த அலைவரிசை சோற்றுக்கும் குழம்புக்கும் போகிறது என்று கணக்குச் சொன்னார். அந்த நேரத்தில் ஆளுக்கொரு உப்பளவு எடுத்துச் சொன்னால் நாட்டுக்கு உபயோகம் என்றார்.  அதோடு விடவுமில்லை.

"நீங்க என்ன தின்னீங்கன்னு தெரிஞ்சு கடலுக்கு என்ன ஆகப்போகுது?"

கருவி கரகரத்தது. பிறகு லமாயின் குரல். "கடலுக்கு ஒண்ணும் ஆகாது வாத்தியாரே. அது பாட்டுக்கு இருக்கும்."

மறுநாளிலிருந்து சோம்னுக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். எட்டு முடிந்தால் நேரே ஒன்பது. பிதக் அதை ஒரு வெற்றியாகக் குறித்துக்கொண்டு, வாக்கி-டாக்கியை அணைத்து ஆணியில் மாட்டினார். அதன் பிறகு வருஷா வருஷம் களப்பயணம் வரும் மாணவர்களுக்கு அவர் நடித்துக் காட்டும் ஒரே நகைச்சுவை அதுதான். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், உள்ளங்கையை வாயருகே வைத்து, "எட்டு. நண்டு" என்பார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு படகு ஏறிப் போய்விடுவார்கள். அவர் டப்பாவைத் திறந்து, நின்றபடியே ஆறு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு உப்பளவுகளைப் பதிவேட்டில் ஏற்றுவார்.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம், கடல் வற்றிக் கிடந்த நேரத்தில், சேற்றுப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலால் உந்தியபடி தன் பாத்திக்குப் போனார். ஒன்பதாம் குடிசைக்கு முந்நூறு மீட்டர் இப்பால் இருந்த பாத்தி. எங்கோ சேற்றுக்கடியில் ஒடிந்து கிடந்த பழைய மூங்கில் முளையில் பலகை இடித்து நின்றது, கால் நிற்கவில்லை. தொடைவரை உள்ளே போனது. கணுக்காலில் ஏதோ முறிந்த சத்தத்தை அவர் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டார். காலை உருவி, பலகையில் குப்புறக் கிடந்து கையால் துழாவி, கருவிகள் கட்டியிருந்த மூங்கில் பரணுக்கு வந்து ஏறி உட்கார முக்கால் மணி நேரம் பிடித்தது. அப்போது மணி மூன்று. கடல் ஏற ஆரம்பித்திருந்தது.

அன்றைய ஏற்றம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று யாரையும் கேட்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. எட்டு மணிக்கு உச்சம். பரணில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் மூக்குக்கு மேல் நான்கு விரற்கடை. கணக்கை மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் நான்கு விரற்கடைதான் வந்தது. ஒற்றைக்காலில் எழுந்து நிற்கப் பார்த்தார். பரண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கத்திப் பார்த்தார். காற்று கடல் பக்கமிருந்து, லமாய் குடிசையிலிருந்து அவரை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய குரலை அது அப்படியே அள்ளிக்கொண்டு போய், ஆளில்லாத அலையாத்திக் காட்டில் போட்டது. அதே காற்று லமாய் அடுப்பின் புகையை அவரிடம் கொண்டுவந்தது. மஞ்சளும் புளியும் கொதிக்கும் வாசனை. கொஞ்சம் மிளகாய் தூக்கல்.

ஐந்தரை மணிக்கு, தண்ணீர் இடுப்பில் இருந்தபோது, அந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒண்ணு. முட்டைப் பொரியல்." வாழ்க்கையில் முதல் முறையாகப் பிதக் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். ஐந்தாம் குடிசையில் மீன் தீய்ந்துவிட்டது. ஏழில் நேற்றைய குழம்பு. அப்புறம் எட்டு வரவேண்டும், வரவில்லை.

"எட்டு," என்று ஏழாம் குடிசை கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து, "எட்டு. சோம்னுக்." மூன்றாவது தடவை, "ஏய் நண்டு, பேசுடா."

 ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. லமாயின் படகு உறுமிக் கிளம்பியது. தொலைவில் ஏழாம் குடிசைப் பக்கமிருந்தும் இன்னொன்று. லமாய் சுக்கானைப் பிடித்து நின்றபடி, கண்ணை எட்டாம் குடிசையின் மேலேயே வைத்து, முழு வேகத்தில் வந்தாள். அவருக்கு நாற்பது மீட்டர் தள்ளிக் கடந்தாள். அவர் சட்டையைக் கழற்றி வீசினார், அலறினார். அவர் இருந்தது அவளுடைய வலது பக்கம்.

படகு சிறுத்துப் புள்ளியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இப்படிப் படகுகள் திடீரென்று சேர்ந்து ஓடுவதை இந்த ஆறு வருஷத்தில் அவர் ஐந்தாறு முறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பதிவேட்டின் ஓரத்தில் 'சிப்பித் திருட்டு' என்று எழுதியிருக்கிறார். திருடன் இல்லை. யாரோ ஒருத்தர் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இதை அவருக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று யோசித்தார். சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்களா? அங்கே எட்டாம் குடிசையில் ஓர் ஆள் ஒரு நாள் பேசாததற்கு இரண்டு படகு போகிறது. இங்கே ஓர் ஆள் ஆறு வருஷமாகப் பேசவில்லை. தன் வீடு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆணியில் அந்தச் சிவப்புக் கருவி தொங்கிக்கொண்டிருக்கும். அணைத்த நிலையில்.

லமாய் திரும்பி வந்தபோது அவசரமில்லாமல் வந்தாள். இப்போது அவர் அவளுடைய இடது பக்கம். கத்துவதற்குக் குரல் இல்லை. உப்புமானியின் இரும்புக் குழாயைக் கழற்றி மூங்கிலில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். படகு இரைச்சல் தணிந்தது.

"வாத்தியாரா அது?"

"ஆமா."

"தண்ணிக்குள்ள என்ன பண்றீங்க?"

"அளவெடுக்கிறேன்."

தண்ணீர் அவருடைய நெஞ்சுக்குழியில் இருந்தது. லமாய் அதைப் பார்த்தாள், வெற்று உடம்பைப் பார்த்தாள், மிதந்து போகும் சட்டையையும் பார்த்தாள். "முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?"

"முடிஞ்சிருச்சு," என்றார்.

அக்குளில் கை கொடுத்து அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். கரைக்குப் போகும் வழியில் சோம்னுக் கதையைச் சொன்னாள். அவனுக்கு ஒன்றுமில்லையாம். பாவிக்கு இன்றைக்கு நிஜமாகவே நண்டு மாட்டியிருக்கிறது. சேதி சொல்லும் பரபரப்பில் வாக்கி-டாக்கியைக் கடலில் தவறவிட்டுவிட்டான். இவர்கள் போய் இறங்கியபோது, நிஜ நண்டைச் சொல்ல வழியில்லாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தானாம். பையில் கட்டி அவளுக்கு ஒரு பங்கு கொடுத்தனுப்பியிருந்தான். அதைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவர் தொடவில்லை.

"எப்போலேர்ந்து அங்க இருக்கீங்க?"

"மூணு மணி."

லமாய் படகின் வேகத்தைக் கூட்டினாள். பிறகு, அவரைப் பார்க்காமல், "நீங்க பேசலைன்னா நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுப் பழகிட்டோம், வாத்தியாரே. வேற எப்படி நெனைக்கிறது?"

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். இருபத்து மூன்று நாள். பதிவேட்டில் இருபத்து மூன்று வரிகள் வெறுமையாகக் கிடந்தன. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அதையும் விட்டுவைத்தார். படுக்கைப் பக்கம் வந்து நின்ற நர்ஸ், யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். மகளின் எண்ணைக் கொடுத்தார். மகள் வீடியோவில் வந்தாள், காலைக் காட்டச் சொன்னாள், பார்த்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, பல்லெல்லாம் எப்படி இருக்கிறது என்றாள்.

டிசம்பரில் ஊன்றுகோலோடு கடல் வீட்டுக்குத் திரும்பினார். எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். சோம்னுக், இடுப்பில் புது வாக்கி-டாக்கியோடு, தண்ணீர்க் கேன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். லமாய் காலை விசாரித்தாள். ஆனால் ஐந்தரை மணிக்கு எட்டு முடிந்ததும் ஒன்பதுதான் வந்தது. அவர் கருவியை இயக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, தன்னைக் கூப்பிடுவார்கள் என்று மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் கோபம் இல்லை. வேண்டாம் என்று ஒரு மனுஷன் ஒரு தடவை சொல்லிவிட்டால் அங்கே அது பாத்தி வரப்பு மாதிரி. யாரும் தாண்டி வர மாட்டார்கள். நான்காம் நாள் காலை, சிப்பிச் சங்கத் தலைவருக்கு, 'பொருள்: மாலை அழைப்பு வரிசையில் சேர்த்துக்கொள்ளக் கோருதல்' என்று ஆரம்பித்து ஒரு விண்ணப்பம் எழுதினார். பார்வை என்று போட்டு, எந்தக் கடிதத்தைக் குறிப்பிடுவதென்று தெரியாமல் கிழித்தார்.

அன்று சாயங்காலம் நான்கரைக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தவர், அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மூடினார். சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே. மாணவர்கள் எப்போதோ விட்டுப்போன அரிசி இருந்தது. லமாய் கொடுத்த கருவாடு இருந்தது. அரிசியை இரண்டு முறை கழுவி, எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் விரல்கணுவால் அளந்து ஏற்றினார். கருவாட்டைப் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கையில் பட்டது. ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்ததில் சோற்றைக் கவனிக்கவில்லை. தரைப் பலகைகளுக்கு அடியில் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

ஆறு. ஏழு. "எட்டு. நண்டு," என்றான் சோம்னுக்.

லமாய் மூச்சு இழுக்கும் இடைவெளிதான் இருந்தது. அவர் பொத்தானை அமுக்கினார். கருவியில் சிறு விளக்கு சிவப்பாக எரிந்தது.

"வாத்தியார் வீடு," என்றார். "சோறு. கருவாடு." பிறகு, கட்டைவிரலை எடுக்காமல், "சோறு கொஞ்சம் அடிப்பிடிச்சிருச்சு."

விரலை எடுத்தார். விளக்கு அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஏறிவந்த தண்ணீருக்கு அப்பால், லமாய் தன் குடிசை வாசலில் நின்றிருந்தாள். பேசுவதற்காக வாயருகே கொண்டுபோன கருவி கையில் அப்படியே இருந்தது. ஒன்பது என்று ஆரம்பிக்காமல், அவர் இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று வாத்தியார் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒலிபெருக்கியின் வெற்று இரைச்சல் மட்டும் காற்றோடு வந்துகொண்டிருந்தது.